உன் காதில் விழாத பேச்சுகள்

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

சனிக்கிழமை நீ விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறுகிறாய். வங்கி அதிகாரியாக முதல் வேலை, முன்பின் பார்த்திராத ஊர், தனியாக ஒரு வீடு. உன் அம்மா இரண்டு நாளாக அடுப்படியை விட்டு வரவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பக்கம், பருப்புப் பொடி ஒரு பக்கம் என்று பொட்டலம் கட்டிக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் கட்டிக்கொடுக்க ஒன்றும் தெரியாது. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாம் கையால் பேசிக்கொள்கிறவர்கள்தான், போனிலும் ஓயாமல் எழுதிக்கொள்கிறவர்கள்தான். ஆனாலும் இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் நீ நிதானமாகப் படிப்பாய். உனக்கு மூன்று வயதானபோது இந்த ஊரில் உன்னைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது. உன்னை வைத்துக்கொண்டேதான் பேசினார்கள். நீ என் இடுப்பில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாய். யார் என்ன சொன்னார்கள், அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். கசப்பான பேச்சும் அதில் உண்டு. கடைசியில் ஜெயித்தது நாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

உனக்குக் காது கேட்கவில்லை என்பது மாதா கோயில் திருவிழாவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. தேர் நம் தெருவுக்குள் திரும்பியதும் அதிர்வெடி போட்டார்கள். கைப்பிள்ளைகளெல்லாம் வீரிட்டு அழுதன. நீ மட்டும் என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நிம்மதியாக இருந்தாய். உன் அம்மா ஸ்டெல்லா நர்ஸ் அல்லவா, அவள் முகம் அப்போதே மாறிவிட்டது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது என்று சொன்னார்கள். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவை கருகிப்போயிருந்தது. ஊரில் பாதி இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் போனது உன் அம்மா. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. உன்னை அணைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. "நான் போறது இவளுக்காகத்தான்னு இவளுக்கு எப்படிங்க சொல்லுவீங்க?" என்று என்னிடம் கேட்டாள். இதோ, சொல்லிவிட்டேன்.

அவள் போன பிறகு வீட்டில் நீயும் நானும்தான். காலையில் உன்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வயலுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். மோட்டார் கொட்டகை நிழலில் பாயை விரித்து உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். சம்பாவுக்குத் தண்ணீர் வந்த பிறகு ஒருநாள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கிறேன், பாயில் நீ இல்லை. வாய்க்கால் கரையில் ஒரு தட்டானைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாய். உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். கத்தி என்ன பயன் என்பது ஓடும்போதுதான் உறைத்தது. நீ வழுக்கித் தண்ணீரில் விழுவதற்கும் நான் குதிப்பதற்கும் சரியாக இருந்தது. கரையேறியதும் நீ சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்திருக்கிறாய். அன்றே முடிவு செய்தேன், நாளைக்கு இவளைப் பால்வாடியில் விடுவது என்று.

பால்வாடி நம் ஊர் ஊருணிக்கு எதிரே இருந்த ஓட்டுக் கட்டடம். நடவுக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பாட்டு, விளையாட்டு, மதியம் சாம்பார் சாதம், ஒரு தூக்கம். அதைப் பார்த்துக்கொண்டவர் வசந்தா டீச்சர். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புள்ளய நான் சேத்துக்க முடியாது" என்றார் வாசலிலேயே.

"ஏன் டீச்சர்?"

"கூப்புட்டா திரும்பாதே. எதுத்தாப்புல ஊருணி. இத்தன புள்ளைங்களுக்கு நானும் ஆயாவும்தான். எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது? எனக்கும் வேலை போயிடும்."

உள்ளே பிள்ளைகள் வட்டமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நீ என் இடுப்பிலிருந்து அந்தப் பக்கம் எக்கி எக்கிப் போனாய். உன்னை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். நீ வீடு வரைக்கும் என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாய். உனக்குக் கோபம் என் மேல்தான். உன்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவன் நான்தானே!

திருத்துறைப்பூண்டியில் இருந்த, பால்வாடிகளுக்கான மேலதிகாரியிடம் போனேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்குதே. ஹாஸ்டலோட இருக்கு. அங்க கொண்டு விட்டுடுங்க" என்றார். "மூணு வயசுதாங்க ஆவுது" என்றேன். "பழகிக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லை இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் உன் பெரியப்பா காத்திருந்தார். "தம்பி, ஸ்டெல்லாவ வந்துடச் சொல்லு. இல்ல, குத்தகைய விட்டுட்டு நீ வீட்டோட கிட. ஊமப் புள்ளய வச்சுக்கிட்டு ரெண்டும் நடக்காது" என்றார். சொந்த அண்ணன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழிகள் அவ்வளவுதான். அம்மா வேலையை விட வேண்டும், அல்லது அப்பா நிலத்தை விட வேண்டும், அல்லது பிள்ளையை விட வேண்டும். பால்வாடிக் கதவைத் திறந்தால் போதும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போவேன். உன் அம்மா அங்கேதான் கூப்பிடுவாள். அதை நடத்தியவர் சண்முகம். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போயிருக்கும். இரும்புப் பட்டை போட்ட பூட்ஸும் கையில் ஊன்றுகோலும், முகத்தில் எப்போதும் ஒரு சிடுசிடுப்பும். பி.ஏ. படித்தவர். அந்த ஞாயிறு நடந்ததையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். "என்னங்க, நான் வந்துடட்டுமா?" என்றாள். "கொஞ்சம் பொறு ஸ்டெல்லா. நான் பாத்துக்குறேன்" என்றேன். என்ன பார்க்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் சண்முகம் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஒட்டுக்கேட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க பேசுறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. பால்வாடில எழுதிக் குடுத்தாங்களா, சேக்க முடியாதுன்னு?"

"வாயாலதான் சொன்னாங்க."

"எழுதித் தர மாட்டாங்க. அண்ணே, நம்மளுக்குன்னு சட்டம் ஒண்ணு வந்துருக்கு. ஊனமுற்றவங்களுக்குச் சம வாய்ப்பு குடுக்கணும்னு டெல்லில போட்ட சட்டம். பதினெட்டு வயசு வரைக்கும் இலவசமா படிக்க வைக்கணும், முடிஞ்ச வரைக்கும் மத்தப் புள்ளைங்களோட சேத்தே படிக்க வைக்கணும்னு சொல்லுது."

"அதுல பால்வாடின்னு போட்ருக்கா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்படி நேரடியா போடல. ஆனா சேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் போடல. இந்த பூத்து எனக்குக் கெடச்சது ஊனமுற்றவனுக்கான ஒதுக்கீட்டுல. அத வாங்கவே நான் எத்தன வாசப்படி ஏறி எறங்கியிருப்பேன் தெரியுமா? ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போயி நின்னு தயவு பண்ணுங்கன்னு கேக்காதீங்க. ஏன் சேக்கலன்னு கேளுங்க. கேள்வி கேட்டா அவங்கதான் பதில் தேடணும்."

ஜெசிந்தா, நான் பத்தாவதோடு நின்றவன். அதுவரை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவன். அடுத்த திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் வரிசையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றபோது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். கலெக்டர் சின்ன வயதுக்காரர், ஒரு பெண். மனுவைப் படித்துவிட்டு அந்தத் துறை அதிகாரியைக் கூப்பிட்டார். திருத்துறைப்பூண்டியில் என்னிடம் "பழகிக்கும்" என்றாரே, அவருக்கும் மேலே இருந்தவர்.

"மேடம், சட்டத்துல ஸ்கூலுக்குத்தான் சொல்லியிருக்கு. பால்வாடி ஸ்கூல் கணக்குல வராது" என்றார் அந்த அதிகாரி.

கலெக்டர் என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து எப்படி அந்தச் சொற்கள் வந்தன என்று தெரியவில்லை. "அம்மா, மத்தப் புள்ளைங்கள்லாம் பால்வாடில உக்காந்து பழகித்தான் ஒண்ணாவது போவுதுங்க. எம்புள்ள மட்டும் வாய்க்காக் கரையில உக்காந்து பழகிட்டா போவணும்? இவளச் சேக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. காட்டுனா நான் திரும்பிப் போயிடுறேன்" என்றேன்.

கலெக்டர் அதிகாரியிடம் திரும்பி, "காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. "எதிர்ல குளம் இருக்கு மேடம், பாதுகாப்பு…" என்று இழுத்தார். "குளம் இருந்தா வேலி போடணும். குழந்தையை ஏன் வெளிய நிறுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீ அவர் மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தாய். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, வாசல் வேப்பமரத்தடியில் உன்னைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உத்தரவு வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கதவைத் திறக்கத்தான் உத்தரவு உதவும், உள்ளே இருப்பவர்களின் மனதைத் திறக்க வேறு வேலை செய்ய வேண்டும். மறுநாள் உன்னைக் கொண்டுபோய் விட்டபோது வசந்தா டீச்சர் பயத்தில் வெளுத்துப்போயிருந்தார். ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. ஊமைப் பிள்ளையோடு சேர்ந்தால் நம் பிள்ளைக்கும் பேச்சு வராது என்று யாரோ சொல்ல, சிலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்குக் கை கொடுத்தவர் தனபாக்கியம் அக்கா. நம் வயலில் நடவுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. அவர் மகன் குமார் உன் வயதுதான். பால்வாடி வாசலில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"என்னடி பேசுறீங்க? எம்மவன் தூக்கத்துலகூட வாய மூட மாட்டேங்குறான். இந்தப் புள்ளயோட சேந்து அரை நாளு பேசாம இருந்தான்னா நான் வேளாங்கண்ணிக்கே நடந்து போறேன்" என்றார். பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். பிறகு அக்கா குரலை மாற்றி, "நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒரு கண்ணு தெரியலன்னா, காலு வரலன்னா, அதையும் இப்படித்தான் வெளிய நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். மறுநாள், நிறுத்திவைத்த பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள்.

அந்த வாரமே வேலி போட்டோம். பஞ்சாயத்தில் கம்பி வேலிக்கு எழுதிப்போட்டு அது வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நம் கொல்லையில் இருந்த மூங்கிலை வெட்டி, பிளந்து, படல் கட்டினேன். தனபாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் குழி தோண்டினார். உன் பெரியப்பாவும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு முறுக்க உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் வசந்தா டீச்சர் படலை அசைத்துப் பார்த்தார். "அண்ணே, நான் இங்க வந்த நாள்லேருந்து எல்லாப் புள்ளைங்களையும் நெனச்சுத்தான் இந்தக் குளத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன். இவ வந்துதான் வேலியே வந்துருக்கு" என்றார். உனக்காக வந்த வேலி எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு டீச்சர் ஆளே மாறிவிட்டார். உன்னைக் கூப்பிட ஒரு சிவப்புத் துணி வைத்துக்கொண்டார். அதை ஆட்டினால் நீ ஓடி வருவாய். சில நாளில் எல்லாப் பிள்ளைகளும் அந்தத் துணிக்கு ஓடி வர ஆரம்பித்தார்கள். "வாயால கத்துனப்ப ஒண்ணும் வரல, இப்பப் பாருங்க" என்று ஆயா மாய்ந்துபோவார். சோற்றுக்கு ஒரு சைகை, தூக்கத்துக்கு ஒரு சைகை, காக்காவுக்கு ஒன்று, ஆயாவுக்குக் கரண்டி கிண்டுவது போல ஒன்று. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் எல்லாரும் நான்தான் என்பார்கள். உனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். கன்னத்தில் ஒரு விரலால் குத்திக் காட்டினால் ஜெசிந்தா, உன் கன்னக்குழிக்காக. அடுத்த வருடம் உன் அம்மா விடுமுறையில் வந்து உன்னைப் பால்வாடியிலிருந்து கூட்டிவரப் போனாள். வாசலில் குமார் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் விரலை வைத்து, உள்ளே கை காட்டினான். அவன் வாயே திறக்கவில்லை. தன் மகளுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, அது தனக்கே தெரியாத மொழியில் இருக்கிறது என்பதை உன் அம்மா அங்கேதான் கண்டாள். வீட்டுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் வேலைய விடலங்க, நல்லதாப் போச்சு" என்றாள்.

ஒன்றாம் வகுப்பில் நடந்ததை உனக்குப் பலமுறை சைகையில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அங்கே பேசிய பேச்சை இன்று எழுதிவிடுகிறேன். தலைமை ஆசிரியர் கண்டிப்பானவர். உன்னைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் அரைமனதாக. முதல் நாள் நான் போக மனமில்லாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தது. "ஜெசிந்தா" என்றார். நீ கரும்பலகைக்கு மேலே இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் மறுபடியும் சத்தமாக, "ஜெசிந்தா!" என்றார்.

குமார் எழுந்தான். "சார், அப்படிக் கூப்புட்டா வராது சார். இப்படிக் கூப்புடணும்" என்று கன்னத்தில் விரலைக் குத்திக் காட்டினான். பின்னாலேயே நம் பால்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "இப்படி சார், இப்படி சார்" என்று ஆளாளுக்குக் கன்னத்தில் குத்திக் காட்டுகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் என்ன விளையாட்டு என்று தெரியாமலே தாங்களும் குத்திக்கொள்கிறார்கள். தலைமை ஆசிரியர் பிரம்பை மேசையில் வைத்தார். உன் எதிரே வந்து நின்று, தன் கன்னத்தில் விரலை வைத்தார். நீ கையை உயர்த்தினாய். வகுப்பே கை தட்டியது. மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் எல்லாருக்குமே கையை உயர்த்தித்தான் வருகைப் பதிவு. "சத்தமும் இல்ல, சுத்தமா முடிஞ்சுடுது" என்று அவரே என்னிடம் சொன்னார். டெல்லியில் போட்ட சட்டத்தை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவை அந்தப் பொடிசுகள்தான். யாருமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று வயதிலிருந்து உன்னோடு வளர்ந்ததால் அவர்களுக்கு நீ இருப்பதுதான் இயல்பு.

பிறகு ஐந்தாவது முடித்ததும் தஞ்சாவூரில் காது கேளாதோர் பள்ளிக்கு நீயே ஆசைப்பட்டுப் போனாய். முழுமையான சைகை மொழி கற்றாய், எங்களுக்கும் கற்றுக்கொடுத்தாய். மூன்று வயதில் உன்னைத் தள்ளிவிடப் பார்த்ததும், பத்து வயதில் நீயாகக் கேட்டுப் போனதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை நீ போகும் இடத்தில் யாருக்காவது விளக்க வேண்டிவரும். பொறுமையாக விளக்கு. இப்போது புதிய சட்டமும் வந்துவிட்டது. பாகுபாடு கூடாது, வேண்டிய வசதியைச் செய்து தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அது தானாக எழுந்து உன் மேசைக்கு நடந்து வராது. சேர்ந்த முதல் நாளே உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடு. கூட்டம் என்றால் எழுதிக் காட்டச் சொல், அல்லது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல். உரிமையைக் கேட்டு வாங்கும்போது குழையாதே. ஆனால் அன்பாகச் செய்கிறவர்களுக்கு மனதார நன்றி சொல். உனக்குப் பின்னால் ஒருத்தர் வருவார், அவருக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், கால் நடக்காமல் இருக்கலாம். அவருக்கு வேண்டியதையும் சேர்த்துக் கேள்.

இவ்வளவு அறிவுரை சொல்கிறேனே, உண்மையில் நான் சொல்லி நீ செய்ய வேண்டிய நிலையில் நீ இல்லை என்பதைப் போன மாதம் சென்னையில் பார்த்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு உன்னோடு வந்தேன் அல்லவா? அந்த அறையில் இருந்த அதிகாரி உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பொண்ணு தனியா வெளி மாநிலத்துல சமாளிச்சுக்குமா? ஏதாச்சும் கேட்டா பதில் சொல்லுமா?" என்றார். பழைய ஞாபகத்தில் எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் நீ அவர் உதட்டைப் படித்துவிட்டாய். என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாய். காகிதத்தை இழுத்து எழுதி அவர் பக்கம் தள்ளினாய்: "விண்ணப்பித்தது நான். கேள்வியை என்னிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். அவர் வரும்வரை காத்திருக்கிறேன்."

அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு நாற்காலியை உன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சாரிம்மா" என்றார். யாருக்கோ போன் செய்து மொழிபெயர்ப்பாளரை உடனே அனுப்பச் சொன்னார். அவர் வந்ததும் நீங்கள் மூவரும் பேச ஆரம்பித்தீர்கள். உன் கைகள் காற்றில் பறந்தன. அந்த அதிகாரி ஏதோ கேட்டுச் சிரிக்க, நீயும் சிரித்தாய். அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என்னை யாரும் கவனிக்கவும் இல்லை. மெல்ல எழுந்து வெளியே வந்து, எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். "யாருக்காகண்ணே காத்திருக்கீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"உள்ள எம்மவ பேசிக்கிட்டு இருக்கா" என்றேன்.

உன்
அப்பா